மெலிய வைக்கும் மாத்திரை: என்ன விலை கொடுத்தார்கள்?

"ஒரே மாதத்தில் 10 கிலோ குறையும்! பட்டினி வேண்டாம்! ஓட்டம் வேண்டாம்! தினம் ஒரு மாத்திரை போதும்!"

இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

கல்யாண வீட்டுக்குப் போனால், "என்னம்மா, இப்படிப் பெருத்துவிட்டாயே!" என்கிறார்கள். போன வருஷம் தைத்த ரவிக்கை இறுகுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டரும், "எடையைக் குறையுங்கள்" என்கிறார். அந்த நேரம் பார்த்து மாத்திரை விளம்பரம் கண்ணில் படுகிறது.

மாத்திரை சாப்பிட்டால் உடம்பு மெலியுமா?

மெலியும்! பல மாத்திரைகள் உண்மையாகவே மெலிய வைத்தன. அபாயமும் அங்கேதான் தொடங்கியது.

எப்படி மெலிய வைத்தன? உடம்புக்குள் போய் என்ன செய்தன? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிவதற்கு முன்பே லட்சக்கணக்கானவர்கள் மாத்திரையை விழுங்கிவிட்டார்கள். அதனால் கண் கெட்டவர்கள் உண்டு. இருதயம் கெட்டவர்கள் உண்டு. உயிரை இழந்தவர்களும் உண்டு.

இது 90 ஆண்டுக் கதை.

வெடிமருந்து மருந்தானது!

முதல் உலகப் போர் நடந்த நேரம். பிரான்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஒரு மஞ்சள் தூளைப் பயன்படுத்தினார்கள். அதன் பெயர் டைநைட்ரோபீனால். சுருக்கமாக டி.என்.பி.

அங்கே வேலை செய்தவர்களை ஒரு விசித்திர நோய் பிடித்தது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் அடித்தது. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. சிலர் இறந்தும் போனார்கள். மஞ்சள் தூள் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போயிருந்தது.

1933ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்டிங், டெயின்டர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்தத் தூளை ஆராய்ந்தார்கள். சிறிய அளவில் கொடுத்தால், உடம்பு கொழுப்பை வேகமாக எரிப்பதைக் கண்டார்கள்.

செய்தி காட்டுத் தீ போலப் பரவியது. ஓராண்டுக்குள் அமெரிக்காவில் சுமார் 1 லட்சம் பேர் இதைச் சாப்பிட்டதாகக் கணக்கிட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. உடம்பு மெலிந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி!

இந்தத் தூள் எப்படி வேலை செய்கிறது?

லாரிச் சக்கரம் சேற்றில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? சக்கரம் சுற்றும். வண்டி நகராது. எண்ணெய் தீரும். என்ஜின் சூடேறும். அதே கதைதான்! நாம் சாப்பிடும் சாப்பாடு உடம்புக்குள் எரிந்து சக்தியாக மாறுகிறது. டி.என்.பி. அந்தச் சக்தியை உடம்புக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறது. எல்லாம் வெறும் சூடாக வீணாகிறது. சக்தி போதாமல் உடம்பு மேலும் மேலும் கொழுப்பை எரிக்கிறது.

அளவு சிறிது கூடினால்? உடம்பின் சூடு ஏறிக்கொண்டே போகும். சாதாரணக் காய்ச்சல் மருந்துக்கு அது அடங்காது. மாற்று மருந்தும் கிடையாது. இன்று வரை கிடையாது!

1935ல் இன்னொரு செய்தி வந்தது. இந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்களுக்குக் கண்புரை வந்தது. கண்புரை வயதானவர்களுக்கு வருவது. இவர்களோ இளம் வயதினர்! கண்ணாடி போல இருந்த கண் சில மாதங்களில் பால் போல வெளுத்தது.

ஆனாலும் அரசாங்கத்தால் உடனே தடுக்க முடியவில்லை. அப்போது இருந்த சட்டம் 1906ல் வந்த பழைய சட்டம். அந்தச் சட்டப்படி பருமன் ஒரு நோயே அல்ல. ஆகவே பருமனுக்கு விற்கும் பொருளை மருந்தாகக் கருத முடியவில்லை. 1938ல் புதிய சட்டம் வந்த பிறகுதான், "மனிதர் சாப்பிட இது மிக அபாயமானது" என்று அறிவித்தார்கள்.

அதோடு கதை முடிந்ததா? இல்லை! அந்தத் தூள் சாயம், பூச்சி மருந்து முதலிய வேலைகளுக்குப் பயன்பட்டது. ஆகவே உலகத்தை விட்டுப் போகவில்லை. பிற்காலத்தில் இன்டர்நெட் வழியாகத் திருட்டுத்தனமாக விற்றார்கள். 2015ல் இங்கிலாந்தில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி இதைச் சாப்பிட்டு இறந்தாள். விற்றவனுக்கு 2020ல் 7 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2023ல் பிரிட்டிஷ் அரசாங்கம் டி.என்.பி.யைச் சட்டப்படி விஷப் பட்டியலில் சேர்த்தது.

வானவில் மாத்திரைகள்

டி.என்.பி. போனதும் அடுத்த மருந்து வந்தது. அதன் பெயர் ஆம்பெட்டமின்.

இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் தூங்காமல் இருப்பதற்காகக் கொடுத்த மருந்து இது. இதைச் சாப்பிட்டால் தூக்கம் வராது. பசியும் எடுக்காது. "பசி எடுக்காதா? அப்படியானால் உடம்பு மெலியுமே!" என்று சிலருக்குத் தோன்றியது.

அமெரிக்காவில் மாத்திரைகளைப் பல வண்ணங்களில் செய்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்! வானவில் மாத்திரைகள் என்று பெயர் வந்தது. ஆளுக்கு ஒரு வண்ணக் கலவை கொடுத்தார்கள். தனக்கென்றே தயாரித்த மருந்து என்று வாங்குபவர் நினைக்க வேண்டும் அல்லவா?

உள்ளே என்ன இருந்தது? பசியை அடக்க ஆம்பெட்டமின். உடம்பை வேகமாக எரிக்கத் தைராய்டு மருந்து. தண்ணீரை வெளியேற்ற ஒரு மருந்து. வயிற்றைப் போக்க ஒரு மருந்து. இருதய நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய ஒரு மருந்து. படபடப்பை மறைக்கத் தூக்க மருந்து!

இருதயத்தை ஒரு மாத்திரை முன்னே இழுக்கும். இன்னொன்று பின்னே இழுக்கும். தண்ணீரோடு உப்புச் சத்தும் வெளியே போய்விடும். உப்புச் சத்து குறைந்தால் இருதயத் துடிப்பு தாறுமாறாகும்.

1968ல் "லைப்" பத்திரிகையின் பெண் நிருபர் சுசன்னா மெக்பீ ஒரு சோதனை செய்தார். அவர் பருமனானவரே அல்ல. ஆனாலும், "உடம்பு மெலிய வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு 10 டாக்டர்களிடம் போனார். அவருக்குக் கிடைத்த மாத்திரைகள் எத்தனை தெரியுமா? 1,479!

அந்தக் கட்டுரை நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் இந்த மாத்திரைகளைப் பறிமுதல் செய்யத் தொடங்கியது. ஆனால் அதற்குள் சுமார் 25 ஆண்டுகள் ஓடிவிட்டன. மாத்திரை தின்றே பழகியவர்கள், அது இல்லாமல் இருக்க முடியாமல் தவித்தார்கள். ஆம்பெட்டமின் ஒரு போதை மருந்தும் ஆகும்.

இருதயக் கதவு சாத்தவில்லை!

அடுத்து வந்தது ஒரு ஜோடி மருந்து. ஒன்றின் பெயர் பென்புளூரமின். இன்னொன்று பென்டர்மின்.

இரண்டுமே அமெரிக்க அரசாங்கம் அனுமதித்த மருந்துகள். ஆனால் தனித்தனியாகத்தான் அனுமதி. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நன்றாக மெலிகிறது என்று 1992ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அந்த ஆராய்ச்சியில் இருந்தவர்கள் 121 பேர்தான்! அதைப் படித்துவிட்டு நாடெங்கும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1996ல் மட்டும் டாக்டர்கள் எழுதிய சீட்டுகள் 1 கோடியே 80 லட்சம்!

வடக்கு டகோடா மாநிலத்தில் பார்கோ என்று ஓர் ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் இருதயத்தைப் படம் எடுக்கும் ஊழியர் ஒரு பெண்மணி. அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இளம் பெண்கள் சிலருக்கு இருதய வால்வு கெட்டிருந்தது. விசாரித்தால், அவர்கள் எல்லோரும் இந்த ஜோடி மருந்தைச் சாப்பிட்டவர்கள்! அவர் ஒவ்வொருவர் விவரத்தையும் குறித்து வைத்தார். டாக்டர்களிடம் சொன்னார்.

இருதய வால்வு என்பது கதவு மாதிரி. ரத்தம் முன்னே போகும்போது திறக்கும். திரும்பி வராமல் இருக்க மூடும். ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூடுகிறது. பென்புளூரமின் அந்தக் கதவைத் தடிக்கச் செய்தது. தடித்த கதவு சரியாகச் சாத்துமா? சாத்தவில்லை. ரத்தம் பின்னே கசிந்தது. மூச்சு வாங்கியது. கால் வீங்கியது.

1997 ஆகஸ்டில் புகழ் பெற்ற மேயோ ஆஸ்பத்திரி டாக்டர்கள் இப்படி வால்வு கெட்ட 24 பெண்களைப் பற்றி எழுதினார்கள். பிறகு, மருந்து சாப்பிட்ட 291 பேருடைய சோதனை விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 100க்கு 30 பேருக்கு மேல் வால்வில் கோளாறு! செப்டம்பர் 15ந் தேதி பென்புளூரமினை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். நஷ்டஈட்டுக்காகவும் வழக்குகளுக்காகவும் கம்பெனி ஒதுக்கிய தொகை 2,000 கோடி டாலருக்கும் மேலே!

அவர்களில் யாரும் திருட்டு மருந்து வாங்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான் சாப்பிட்டார்கள்.

பெயர் மாறியது, விஷம் மாறவில்லை

அமெரிக்காவில் நின்றது. பிரான்சில்?

பிரான்சிலும் 1997ல் பென்புளூரமினை நிறுத்தினார்கள். அங்கே அதைத் தயாரித்த கம்பெனி செர்வியே. ஆனால் அதே கம்பெனி "மீடியேட்டர்" என்ற இன்னொரு மருந்தையும் விற்றுக்கொண்டிருந்தது. பருமனான நீரிழிவு நோயாளிகளுக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். பசியைக் குறைக்கும் என்பதால், மெலிய விரும்பியவர்களுக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

பிரெஸ்ட் என்பது பிரான்சின் மேற்குக் கோடியில் உள்ள துறைமுக நகரம். அங்கே ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டராக இருந்தவர் இரேன் பிராஷோன் அம்மையார். 2007ல் அவரிடம் ஒரு நோயாளி வந்தார். நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறியிருந்தது. "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார் டாக்டர். "மீடியேட்டர்" என்று பதில் வந்தது.

டாக்டர் திடுக்கிட்டார். பென்புளூரமின் சாப்பிட்டவர்களுக்கு வந்த அதே நோய் அல்லவா இது!

அவர் ஆராயத் தொடங்கினார். ஆஸ்பத்திரியின் பழைய பதிவுகளைப் புரட்டினார். வால்வு கெட்டவர்களின் பட்டியலை எடுத்தார். அவர்களில் யார் யார் மீடியேட்டர் சாப்பிட்டவர்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சந்தேகம் உறுதியாயிற்று. பென்புளூரமின் உடம்புக்குள் போனதும் எந்தப் பொருளாக மாறுகிறதோ, அதே பொருளாகத்தான் மீடியேட்டரும் மாறியது. பெயர்தான் வேறு!

2009 நவம்பரில் மீடியேட்டர் விற்பனை நின்றது. அது 1976 முதல் 33 ஆண்டுகள் விற்ற மருந்து. சுமார் 50 லட்சம் பேர் சாப்பிட்டிருந்தார்கள்.

2010ல் டாக்டர் பிராஷோன் ஒரு புத்தகம் எழுதினார். "எத்தனை சாவு?" என்று அட்டையில் ஒரு கேள்வியைப் போட்டார். கம்பெனி கோர்ட்டுக்குப் போய் அந்தக் கேள்வியை அட்டையிலிருந்து எடுக்க வைத்தது. ஆனால் சில மாதங்களிலேயே அதற்கு அரசாங்கத் தரப்பிலிருந்து பதில் வந்துவிட்டது. குறைந்தது 500 பேர் இறந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். இன்னும் அதிகம் என்று சொன்ன நிபுணர்களும் உண்டு.

2021 மார்ச் 29ந் தேதி பாரிஸ் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மக்களை ஏமாற்றிய குற்றமும், கவனக் குறைவால் சாவு விளைவித்த குற்றமும் கம்பெனி மீது ருசுவாயின. 27 லட்சம் யூரோ அபராதம். ஏன் முன்னமே தடுக்கவில்லை என்று அரசாங்க மருந்துக் கண்காணிப்பு இலாகாவுக்கும் அபராதம்! 2023 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டு, கம்பெனியின் அபராதத்தை 90 லட்சம் யூரோவுக்கு மேல் உயர்த்தியது. மருத்துவ இன்சூரன்சு நிதிகளுக்கு 41 கோடி யூரோவுக்கு மேல் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிட்டது.

குழாய் விட்டு உறிஞ்சினால்?

"மாத்திரை வேண்டாம். கொழுப்பை நேராக வெளியே எடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள்.

1920-களில் பாரிஸ் நகரில் ஒரு நாட்டியக்காரி இருந்தாள். தன் முழங்காலும் கெண்டைக்காலும் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். துஜாரியே என்ற டாக்டர், சுரண்டும் கருவியால் கொழுப்பைச் சுரண்டி எடுத்தார். ரத்தக் குழாய் சேதப்பட்டது. ரத்த ஓட்டம் நின்று கால் அழுகியது. கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆடும் கால்!

பிறகு சுமார் 50 ஆண்டுகள் இந்தப் பக்கம் அதிகம் பேர் போகவில்லை. 1970-களில் ரோம் நகரில் பிஷர் என்ற டாக்டரும், பாரிசில் இலூஸ் என்ற டாக்டரும் புதிய வழி கண்டார்கள். தோலில் சிறிய துளை போட்டார்கள். குழாயை நுழைத்துக் கொழுப்பை உறிஞ்சினார்கள். இலூஸ் முனை மழுங்கிய குழாயைப் பயன்படுத்தினார். மழுங்கிய முனை ரத்தக் குழாய்களை அதிகம் கிழிக்காது. 1985ல் கலிபோர்னியாவில் கிளைன் என்ற டாக்டர் இதை இன்னும் திருத்தினார். மரத்துப்போகும் மருந்தை நிறையத் தண்ணீரில் கலந்து முதலில் ஏற்றினார். இதனால் ரத்தச் சேதம் மிகவும் குறைந்தது.

அபாயம் நீங்கிவிட்டதா? குறைந்தது, நீங்கவில்லை.

1994 முதல் 1998 வரை அமெரிக்காவில் நடந்த இத்தகைய ஆபரேஷன்களைப் பற்றி டாக்டர்களிடமே கணக்கு எடுத்தார்கள். சுமார் 4 லட்சத்து 96 ஆயிரம் ஆபரேஷன்களில் 95 பேர் இறந்திருந்தார்கள். அதாவது சுமார் 5,000 பேரில் ஒருவர்.

"5,000ல் ஒருவர்தானே!" என்று தோன்றலாம். ஆனால் இவர்கள் நோய்க்காகப் படுத்தவர்கள் அல்லர். அழகுக்காகப் படுத்தவர்கள்.

எப்படி இறந்தார்கள்? அதிகம் பேரைக் கொன்றது, காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததுதான். குழாய் தவறிக் குடலைத் துளைத்ததும் உண்டு. மயக்க மருந்தால் வந்த கோளாறும் உண்டு. ஒரே நாளில் நிறையக் கொழுப்பை எடுத்தால் அபாயம் கூடும். ஒரே நேரத்தில் பல ஆபரேஷன்களைச் செய்தாலும் கூடும். சிறிய அளவில், மரத்துப்போகும் மருந்தை மட்டும் கொடுத்து, தேர்ந்த டாக்டர் செய்தால் குறையும்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆரோக்கியம் வருமா?

2004ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. பருமனான 15 பெண்களின் வயிற்றிலிருந்து ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துச் சோதித்தார்கள். ரத்தக் கொதிப்பு குறைந்ததா? இல்லை. சர்க்கரை குறைந்ததா? இல்லை. ரத்தத்தில் உள்ள கொழுப்பு? அதுவும் அப்படியே!

ஏன்? குழாய் எடுப்பது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைத்தான். குடலையும் ஈரலையும் சுற்றியுள்ள கொழுப்புக்கு அது எட்டாது. அதிகக் கெடுதல் செய்வதோ அந்த உள்கொழுப்புதான்!

2011ல் இன்னொரு சோதனையின் முடிவு வந்தது. உறிஞ்சி எடுத்த கொழுப்பு ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டது. எடுத்த தொடையில் வரவில்லை. வயிற்றில் வந்து சேர்ந்தது!

ஆகவே இந்த ஆபரேஷன் எடையைக் குறைக்கும் வழி ஆகாது. ஓரிடத்தில் மட்டும் திரண்டு நிற்கும் சதையைச் சீராக்கும் வேலைதான் அது. அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

இப்போது வந்திருக்கும் ஊசி

சமீப காலத்தில் ஊசி மருந்து ஒன்றைப் பற்றி எங்கும் பேச்சு. இதற்கு ஒரு வேடிக்கையான ஆரம்பம் உண்டு.

அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா என்ற விஷப் பல்லி இருக்கிறது. அதன் உமிழ்நீரில் ஒரு பொருளை டாக்டர் ஜான் எங் 1992ல் கண்டுபிடித்தார். நாம் சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கும் ஒரு பொருளைப் போலவே அது வேலை செய்தது. அதிலிருந்து இந்த இனத்தின் முதல் மருந்து, நீரிழிவுக்காக 2005ல் வந்தது. பிறகு இதே இனத்தில் செமாகுளூடைடு முதலிய மருந்துகள் வந்தன. இவை வயிறு நிறைந்த உணர்ச்சியை உண்டாக்கும். பசி அடங்கும்.

2021ல் வெளியான சோதனையில், செமாகுளூடைடு ஊசி போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரி 100க்கு 15 பங்கு எடை குறைந்தார்கள். 100 கிலோ இருந்தவர் 85 ஆனார் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடவை இருதயத்தையும் சோதித்தார்கள். இருதய நோய் உள்ள, எடை கூடிய 17,604 பேரை வைத்துச் சோதித்ததில், மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் சாவு ஆகியவை 100க்கு 20 பங்கு குறைந்தன. 2023ல் வந்த முடிவு இது. பழைய மாத்திரைகளுக்கு இல்லாத பெருமை!

அப்படியானால் எல்லோரும் போட்டுக்கொள்ளலாமா? கூடாது.

குமட்டல், வாந்தி, பேதி பலருக்கு வரும். பித்தப்பைக் கல்லும், கணைய வீக்கமும் சிலருக்கு வரலாம். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் போடக் கூடாது. ஊசியை நிறுத்தினால்? நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது! ஆகவே இது கல்யாணத்துக்காக இரண்டு மாதம் போடும் ஊசி ஆகாது. பருமனால் நோய் வந்தவர்களுக்கு டாக்டர் தேர்ந்து கொடுத்து, நீண்ட நாள் கண்காணிக்க வேண்டிய மருந்து.

மூலிகை என்றால் பயமில்லையா?

"இது இங்கிலீஷ் மருந்து இல்லை, மூலிகைதான்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு.

சிபுட்ரமின் என்று ஒரு மாத்திரை இருந்தது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகப்படுத்தியதால் 2010ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதை நிறுத்தின. 2011ல் இந்திய அரசாங்கமும் தடை செய்தது. அந்த மருந்தை "மூலிகை" என்று சீட்டு ஒட்டிய டப்பாக்களில் அமெரிக்க அதிகாரிகள் பல தடவை கண்டுபிடித்திருக்கிறார்கள். டப்பாவின் மேல் இலை படம். உள்ளே தடை செய்த மருந்து!

பேதி மருந்து சாப்பிட்டு இரண்டு கிலோ குறைந்தது என்று மகிழ்பவர்களும் உண்டு. போனது தண்ணீர்! கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டு நாளில் எடை திரும்பிவிடும்.

ஆகவே யாராவது மெலிய மருந்து கொடுத்தால், வாயில் போடுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. இதற்குள் என்ன இருக்கிறது? பெயரை எழுதிக் கொடுங்கள்.

2. இது எப்படி மெலிய வைக்கிறது? பசியை அடக்கியா, தண்ணீரை வெளியேற்றியா, இருதயத்தை விரட்டியா?

3. நிறுத்தினால் என்ன ஆகும்?

4. என் ரத்தக் கொதிப்பையும் இருதயத்தையும் யார் பார்த்துக்கொள்வார்கள்?

பதில் சொல்லத் தயங்கினால் மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டு, படபடப்போ மூச்சுத் திணறலோ கால் வீக்கமோ கண்டால், மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரிந்தால்தான் டாக்டரால் காப்பாற்ற முடியும்.

சென்னையில் கண்ட உண்மை

கடைசியாக ஒரு நல்ல செய்தி. இது சென்னையிலிருந்து வந்தது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்கள். சிலரை வழக்கம் போல இருக்கவிட்டார்கள். சிலரைத் தினம் அரைமணி நேரம் நடக்கச் சொன்னார்கள். அரிசி, சர்க்கரை, எண்ணெய் எல்லாவற்றையும் அளவோடு சாப்பிடச் சொன்னார்கள்.

மூன்று ஆண்டு கழிந்தது. வழக்கம் போல இருந்தவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடந்தவர்களில் 100க்கு 39 பேருக்குத்தான் வந்தது. 2006ல் வெளியான முடிவு இது.

இதில் அதிசயம் என்ன தெரியுமா? நடந்தவர்களின் எடை அதிகமாகக் குறையவே இல்லை! எடைக் கருவியின் முள் நகரவில்லை. ஆனால் உடம்பு உள்ளே சீராகிக்கொண்டிருந்தது.

மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நேர் எதிரானது இது. அவர்களுக்கு முள் இறங்கியது. உள்ளே இருதயம் கெட்டது.

ஆகவே தினம் எடை பார்த்து மனம் கலங்க வேண்டாம். மாடிப்படி ஏறும்போது முன் போல மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். வாங்கவில்லையானால் உடம்பு தேறி வருகிறது என்று அர்த்தம்.

இன்று சாயங்காலம் வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துக்கொண்டு அரைமணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். இதற்கு டாக்டர் சீட்டும் வேண்டாம், காசும் வேண்டாம்!